நாலாவது கோடு

ஜெறால்டு சார் சொன்ன இந்தச் சம்பவத்தைக் கிளீட்டஸ் முப்பத்திரண்டு வருடங்களாக முழுதாக நம்பவில்லை. முழுதாகத் தள்ளவும் முடியவில்லை. ஐம்பத்துநாலு வயதில், மத்தியான உறக்கத்தில் பாதிக் கண் திறந்து கிடக்கும்போதெல்லாம் அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அப்போது கிளீட்டஸ் கடற்கரைக் கல்லூரியின் கால்பந்து அணித் தலைவன். ஜெறால்டு சார் உடற்கல்வி ஆசிரியர். அந்த மைதானத்துக்கு மூன்று பக்கம்தான் கோடு. நாலாவது பக்கம் கடல். பந்து அலையில் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. முட்டளவுத் தண்ணீரைத் தாண்டினால்தான் வெளியே. யாருடைய முட்டு என்று வெளியூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆடுகிறவர்களில் எவன் குள்ளனோ, அவன் முட்டு.

எந்த லீக்கிலும் சேராத அணி. கடிதம் போட்டு அழைப்பார்கள், யாராவது வருவார்கள். அந்த வருடம் யாரும் வரவில்லை. சுற்றியிருந்த கல்லூரிகள் எல்லாம் லீக்கில் சேர்ந்து தங்களுக்குள்ளேயே ஆடத் தொடங்கிவிட்டன. இவர்களுக்கும் ஒரு படிவம் வந்தது. கிளீட்டஸே ஆசையாக நிரப்பிக் கொடுத்தான். நிபந்தனை ஒன்றுதான்: மைதானத்துக்கு நாலு கோடு வேண்டும். சாயங்காலத் தபாலுக்குள் சார் கையெழுத்துப் போட வேண்டும்.

சார் படிவத்தை எடுத்துக்கொண்டு ஆசானிடம் போனார். சாருக்கே பந்து சொல்லிக்கொடுத்தவர் ஆசான், பழைய கோல்கீப்பர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்.

"சேரலாமா ஆசானே?"

"சேர்ந்தா?"

"வாரா வாரம் ஆட்டம். பயலுவ ஆடுறத நாலு பேரு பாப்பாங்க."

"சேரலன்னா?"

"எதுத்து ஆட ஆளில்ல."

"பொறவு என்ன கேள்வி சாரே?"

சார் கடலைப் பார்த்தார். "இந்தக் கடலோட ஆடுனது போயிருமே."

ஆசான் சுண்ணாம்பு வாளியை நீட்டினார். "நாலாவது கோட்ட நீரே போடும். நான் ஒருநாளும் போட்டதில்ல, எனக்குக் கை வராது. கஞ்சி வச்சிட்டு வாறேன். அதுவர கோடு கிடந்தா, கையெழுத்துப் போடும்."

"கிடக்கலன்னா?"

"கஞ்சி குடிச்சிட்டுப் போவும்."

மூட்டமான பகல். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சார் கோடு போட்டார். துளி கோணல் இல்லாத கோடு. அதற்கு இந்தப் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் நின்றார். அலைகள் ஓசையில்லாமல் வந்து, வந்த வழியே திரும்பின. யாரோ பந்து கேட்டுக் கூப்பிடுவதுபோல் இருந்ததாம். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று அவருக்கே தெரியாதாம்.

ஆசான் வந்தபோது கோடு இல்லை.

"அல வந்து அழிச்சிட்டுது ஆசானே."

ஆசான் மணலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு சாரைத் தலையிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தார்.

"சரி. காலக் கழுவிட்டு வாரும். கஞ்சி ஆறுது."

படிவம் தபாலுக்குப் போகவில்லை. அந்த வருடம் அணியிலிருந்த பதினெட்டுப் பேரும் ஒன்பது ஒன்பதாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே ஆடினார்கள். கிளீட்டஸ் ஆடிய கடைசி வருடம் அது. லீக்கில் ஆடியிருந்தால் தான் யாராகியிருப்போம் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறார். ஆனால் கனவில் வருவது அந்த ஒன்பது பேர் ஆட்டம்தான். கனவில் எவ்வளவு தூரம் ஓடினாலும் தண்ணீர் முட்டுக்கு மேல் ஏறுவதில்லை.

போன மாதம் சாரைப் பார்க்கப் போயிருந்தார். சார் மறுபடியும் அந்தக் கதையைத் தொடங்கினார். அலை வரும் கட்டத்தில், வழக்கம்போல் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார்.

கிளீட்டஸ் முதல் தடவையாகக் குறுக்கே பேசினார்.

"சார், கோட்ட அழிச்சது அலதான்னா, ஆசான் எதுக்கு உங்களக் காலக் கழுவச் சொன்னாரு?"