அடைக்கோழிக்குப் பரிந்து பேசிய நரி

தாமரைக்குளத்தை ஒட்டி ஒரு காடு. அந்தக் காட்டோரத்தில், முயலின் வளைக்குப் பின்னால், காரைப் புதருக்கடியில் செவலை என்ற கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அடைக்கோழிக்கு உலகமே வயிற்றுக்கடியில்தான். செவலை இரை பொறுக்கப் போனால்கூட ஓட்டமாக ஓடும், ரெண்டு கொத்து கொத்தும், ஓட்டமாகத் திரும்பிவந்து உட்கார்ந்துகொள்ளும். முட்டை ஆறினால் உள்ளே இருக்கும் உயிர் போச்சு. அதற்கப்புறம் யார் வந்து என்ன நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது?

அன்று முயல் மூச்சிரைக்க வந்து நின்றது.

“செவலை, கிளம்பு கிளம்பு! சபை கூடியிருக்கு. உன் விஷயமாத்தான்.”

“என் விஷயமா? நான் யார் வம்புக்குப் போனேன்?”

“கொல்லையில கோழி வெச்சுக்கலாமா, கூடாதான்னு ஒரு கேள்வி கிளம்பியிருக்கு. கூடாதுன்னு முடிவானா, பொழுது சாயறதுக்குள்ள நீ குளக்கரையை விட்டே போயிடணுமாம்.”

செவலை முட்டைகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டது. “போறதுன்னா... முட்டை?”

முயல் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டது. முட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறிய கோழி எங்கேயாவது உண்டா?

முயல் ஒன்றும் தர்மத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அதன் வளையைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. செவலை வந்தது, கரையான் போனது. முயல் பெண்டாட்டி, “இந்தப் பொண்ணு இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். கணக்கு அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டம் இல்லை. யாருக்கும் நஷ்டம் இல்லாத காரியம் என்றால் சபைக்குப் பொறுக்காதே!

“நான் வராட்டி என்ன பண்ணுவாங்க?”

“நேர்ல வராதவங்க தோத்ததா அர்த்தம். அதான் சபை வழக்கம்.”

செவலை தன் மார்பிலிருந்த மெல்லிய தூவிகளைப் பிடுங்கி முட்டைகளின்மேல் பரப்பியது. அதன்மேல் சருகை இழுத்து மூடியது. நாலடி நடந்தது, திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் சருகு போட்டது. வாடைக் காற்று அப்போதுதான் வீச ஆரம்பித்திருந்தது.

சபை மருத மரத்தடியில் கூடியிருந்தது. தலைவர் எருமை கழுத்தளவு தண்ணீரில் கிடந்தார். கரைக்கு வந்து உட்காருங்கள் என்று அவரிடம் சொல்ல யாருக்குத் தைரியம்? மயில் தோகையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தது. தவளை ஒரு கல்லின்மேல் உப்பிக்கொண்டு இருந்தது. நரி ஓரமாக, வெகு அடக்கமாக உட்கார்ந்திருந்தது. புகார் கொடுத்த ஆள்காட்டிப் பறவை நடுவில் நெட்டைக் காலில் நின்றது. அதுதான் முயலுக்குப் பக்கத்து வீடு.

“சொல்லும்மா ஆள்காட்டி, என்ன உன் குறை?” என்றார் தலைவர்.

“குறையா? இவ ஒரு முட்டை போட்டா ஊருக்கே தமுக்கு அடிக்கிறா, தலைவரே! கூட்டு மேலயே நின்னுக்கிட்டு, தொண்டை கிழிய, குளத்துக்கு அக்கரை வரைக்கும் கேக்கிற மாதிரி! முட்டை போட்டியா, போட்டுட்டுப் பேசாம இரேன்! உலகத்துல நீ ஒருத்திதான் முட்டை போடறியா?”

செவலைக்குக் கொண்டை சிவந்துவிட்டது. “நீங்க மட்டும் வாயை மூடிக்கிட்டா இருக்கீங்க, ஆள்காட்டியக்கா? ஒரு நாய் அந்தப் பக்கம் நடந்தாக்கூட ஊரைக் கூட்டறீங்களே!”

சபையில் சிரிப்பு. ஆள்காட்டி சிரிக்கவில்லை.

“எனக்குச் சத்தம்னாலே ஆகாதுங்க” என்றது தவளை. ராத்திரி பூராவும் யார் கத்துகிறார்கள் என்று அதனிடம் கேட்க ஆளில்லை.

“சீச்சீ, மண்ணைக் கிளறிக் கிளறி இடமே அலங்கோலம்!” என்றது மயில். “நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு கோழி வெச்சா, இது குளக்கரையா, குப்பைமேடா?”

முயல் எழுந்தது. “அவ கரையான் தின்னறா... அதாவது... எங்க வளை...” என்று இழுத்தது, வியர்த்தது, உட்கார்ந்துகொண்டது. ஆதரவுக்கு வந்தவரின் லட்சணம் இது!

செவலையால் நிற்க முடியவில்லை. இந்நேரம் முட்டை எப்படி இருக்கும்? வெதுவெதுப்பு இருக்குமா? காற்றில் சருகு பறந்திருக்குமோ?

அப்போது நரி எழுந்து தலைவரை வணங்கியது.

“பெரியவங்க மன்னிக்கணும். எனக்கு மனசு கேக்கலை. புள்ளத்தாச்சி மாதிரி இருக்கிற ஒருத்தியை இப்படியா நடுவுல நிறுத்திக் கேள்வி கேப்பாங்க? கோழி இல்லாத கொல்லையும் ஒரு கொல்லையா?”

சபை வாய் பிளந்தது.

“அவ கொக்கரிக்கிறது உங்களுக்கெல்லாம் சத்தம். எனக்குச் சங்கீதம்! என்ன ஒரு குரல்!”

செவலைக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை நாளில் அந்தக் குரலை யாரும் பாராட்டியதில்லை. முயல்கூட அப்போதெல்லாம் காதை மடித்துக்கொள்ளும்.

“தாராளமா கோழி வெச்சுக்கலாம்னு சொல்லுங்க, தலைவரே” என்றது நரி. “ஒரே ஒரு நிபந்தனை போதும். ஒளிச்சு மறைச்சு வைக்கக் கூடாது. முட்டை போட்டதும் கூட்டு மேலயே நின்னு உரக்கக் கொக்கரிக்கணும். எந்தக் கொல்லையில எத்தனை கோழின்னு சபைக்குத் தெரியணுமில்லையா?”

“ஒழுங்குன்னா இதுதான் ஒழுங்கு!” என்றது மயில்.

“ஆகாது!” என்று கத்தியது ஆள்காட்டி. “அந்த நிபந்தனை ஆகவே ஆகாது, தலைவரே!”

“பாத்தீங்களா? நான் வாழ்றதே இவங்களுக்குப் பிடிக்கலை!” என்றது செவலை.

தலைவர் ஒரு முறை பெருமூச்சு விட்டார். தண்ணீரில் குமிழி வந்தது. “எல்லாத்தையும் கேட்டாச்சு. அசைபோட்டுச் சொல்றேன்.”

அசைபோடுவது என்றால் நிஜமாகவே அசைபோடுவது. அந்தச் சபையின் வழக்கம் அப்படி. தலைவர் தின்ற புல்லை மேலே கொண்டுவந்து, மென்று, விழுங்கி முடிக்கும்வரை ஒருவரும் இடத்தைவிட்டு எழக் கூடாது. எழுந்தால் தலைவரை அவமதித்ததாகும். அவரோ அன்றைக்கு வயிறு நிறைய மேய்ந்துவிட்டு வந்திருந்தார்.

மென்றார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

வாடைக் காற்று வலுத்தது. மேகம் வெயிலை மறைத்தது. செவலை ஒற்றைக் காலில் நின்றது, மற்றக் காலில் நின்றது. இறக்கைக்கடியில் ஒன்றுமில்லாத அந்தக் குளிர்ச்சி நெஞ்சுவரை ஏறியது. “தலைவரே, கொஞ்சம் சீக்கிரம்...” என்று ஆரம்பித்தது.

“உஷ்!” என்றது மயில். “சபைன்னு ஒரு மரியாதை வேண்டாம்?”

நரி மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தது.

“என்ன தங்கச்சி, நடுங்கறியே? முட்டை ஆறிடும்னு பயமா?”

இவ்வளவு பேர் இருக்கிற சபையில் அந்தக் கேள்வியைக் கேட்டது நரி ஒன்றுதான். “ஆமாண்ணே. இன்னும் கொஞ்ச நேரம் போனா எல்லாம் போச்சு.”

“இதுக்கா கலங்கறே? இடத்தைச் சொல்லு. நான் போய் நல்லா சருகு அள்ளிப்போட்டு, காத்து படாம பக்கத்துலயே உட்கார்ந்துக்கிறேன். அண்ணன் எதுக்கு இருக்கேன்?”

செவலை யோசித்திருக்க வேண்டும். ஆனால் பயத்தில் இருக்கிறவளுக்கு யோசனை எங்கிருந்து வரும்?

“முயல் வளைக்குப் பின்னால, காரைப் புதருக்கு அடியில” என்று சொல்லிவிட்டது.

நரி எழுந்தது. “தலைவரே, சபை சார்பா அந்த இடத்தைப் பாத்துட்டு வந்துடட்டுமா?” மென்றுகொண்டிருந்த தலைவரின் தாடை மேலும் கீழும் ஆடியது. “உத்தரவு கிடைச்சாச்சு!” என்று சொல்லிவிட்டு நரி நடையைக் கட்டியது. முதலில் மெதுவாகத்தான் நடந்தது.

“என்னடி சொன்னே அவன்கிட்ட?” ஆள்காட்டி குனிந்து செவலையின் காதருகே சீறியது.

“உங்களுக்கென்ன? முட்டையை மூடி வைக்கப் போறாரு. உங்களை மாதிரியா?”

“இடத்தைச் சொன்னியா?”

“ஆமா, சொன்னேன். அதுக்கென்ன?”

“நரிகிட்ட! முட்டை இருக்கிற இடத்தை! உனக்குத் தலையில இருக்கிறது கொண்டை மட்டும்தானா?”

அப்போதுதான் செவலை திரும்பிப் பார்த்தது. நரி இப்போது நடக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது.

ஆள்காட்டி சபை வழக்கத்தையெல்லாம் பார்க்கவில்லை. சடாரென்று மேலே எழும்பியது. “அவமரியாதை! உட்காரு!” என்று மயில் கூவியது. யார் கேட்டார்கள்!

ஆள்காட்டி நரியின் தலைக்குமேலே பறந்து, முயல் வளைக்கு நேர் எதிர்ப்பக்கம் போய்ப் பொத்தென்று தரையில் விழுந்தது. ஒரு இறக்கையை ஒடிந்ததுபோலத் தொங்கவிட்டது. “ஐயோ, என் முட்டை! யாரும் வராதீங்க! ஐயோ!” என்று ஊரே அதிர அலறிக்கொண்டு, நொண்டி நொண்டி இழுத்துக்கொண்டு போனது.

நரி நின்றது. புதர் இந்தப் பக்கம், நொண்டிப் பறவை அந்தப் பக்கம். காரைப் புதர் எங்கே ஓடிவிடப் போகிறது? முட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முழுசாக ஒரு பறவையே காலடியில் விழுந்து கிடக்கிறதே! நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது.

நெருங்கினால், பறவை இன்னும் நாலடி தள்ளி நொண்டும். பாய்ந்தால், இன்னும் நாலடி.

செவலை தவித்தது. சபையைவிட்டுப் போனால் தோற்றதாகிவிடும். ஊரைவிட்டுத் துரத்திவிடுவார்கள். போகாவிட்டால்?

“போறதுன்னா போகட்டும் உங்க சபை!” என்று கத்திக்கொண்டே ஓடியது. இறக்கையை அடித்துக்கொண்டு, விழுந்து எழுந்து ஓடியது. முயல் அதைப் பார்த்தது, தலைவரைப் பார்த்தது, பிறகு அதுவும் எழுந்து ஓடியது.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் எருமைகள் புரண்டு புரண்டு உண்டாக்கின சேற்றுக்குழி ஒன்று இருந்தது. மேலே காய்ந்த தரை மாதிரி இருக்கும். காலை வைத்தால் விலாவரை விழுங்கும். எடையில்லாத பறவை அதன்மேல் நடந்து போய்விட்டது. நரி பாய்ந்த பாய்ச்சலில் நேராக உள்ளே இறங்கிவிட்டது. “காப்பாத்துங்க!” என்று ஊளையிட்டது. ஒடிந்த இறக்கை சட்டென்று சரியாகி, ஆள்காட்டி பறந்துபோனது.

செவலை புதருக்குள் பாய்ந்தது. சருகு பாதி பறந்திருந்தது. முட்டைகளின்மேல் மார்பை வைத்ததும் உடம்பு தூக்கிப்போட்டது. சில்லென்று இருந்தன. இறக்கையை அகல விரித்து எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு, மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆள்காட்டி காலெல்லாம் சேறாக வந்து நின்றது.

“அக்கா...” என்றது செவலை. அழுதுவிட்டது.

“அழாதே. அழுதா முட்டை சூடாகுமா? நானும் கட்டாந்தரையில முட்டை போடறவதான். என் முட்டை எங்கேன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. நான் கத்துவேன். ஆனா முட்டைகிட்ட நின்னு கத்த மாட்டேன், தூரமாப் போய்த்தான் கத்துவேன். நீ கூட்டு மேலயே நின்னு கூப்பிட்டு வழி காட்டறே!”

“இதைச் சபையில சொல்லியிருக்கலாமே!”

“எப்படிச் சொல்றது? அவன் காதைத் தீட்டிக்கிட்டு எதிர்ல உட்கார்ந்திருக்கான்! அதோட, உன் சத்தத்துல எனக்குத் தூக்கம் போறதும் நிஜம்தான். அதையும் விட மாட்டேன், சொல்லிட்டேன்.”

முயல் சபைக்குப் போய்ச் செய்தி கொண்டுவந்தது. தலைவர் விழுங்கி முடித்துவிட்டார். கொல்லையில் கோழி வைத்துக்கொள்ளலாம். எழுந்து ஓடியதற்கு மன்னிப்பு உண்டு. அவர் கண்ணை மூடியிருந்ததால் யார் ஓடியதையும் பார்க்கவில்லை. நரியின் நிபந்தனையோ, நரி சேற்றிலிருந்து வந்து தன் வாயால் மறுபடி கேட்டால் யோசிக்கலாமாம். எப்படியோ கரையேறிய நரி, உடம்பெல்லாம் சேறாகக் காட்டுக்குள் போனதுதான். அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

செவலை எதையும் காதில் வாங்கவில்லை. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? அதற்கு வேண்டியிருந்த தீர்ப்பு வயிற்றுக்கடியில் இருந்தது. நாள் போகப்போக அது இரைக்கும் சரியாகப் போகவில்லை. முட்டையைப் புரட்டும், காது வைத்துக் கேட்கும். ஒன்றும் கேட்காது. மறுபடி புரட்டும்.

ஒரு விடியற்காலையில் ஓட்டுக்குள்ளிருந்து டொக் என்று ஒரு தட்டல். பிறகு பக்கத்து முட்டையில் இன்னொன்று. ஈரத் தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஓரத்தில் இருந்த ஒரு முட்டை மட்டும் கடைசிவரை தட்டவே இல்லை. செவலை அதன்மேல் மேலும் ஒரு பகல் உட்கார்ந்திருந்துவிட்டு, குஞ்சுகளை அழைத்துக்கொண்டு எழுந்தது.

முகத்துக்கு நேரே கடிந்து பேசுகிறவரைப் பகைவர் என்று ஒதுக்காதே. தேனாகப் பேசி உன் பக்கம் நிற்கிறவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று முதலில் பார்.