மிளாவின் கழுத்துப் புண்

விலங்குகளுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மிளா என்கிற கடமானுக்குக் குரல் மிகவும் மெல்லியது. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமே கேட்கும்.

மலைக்காட்டில் சேம்பி என்றொரு மிளா இருந்தாள். அவளுக்குத் தலையீற்றாக ஒரு கன்று. குருத்தன் என்று பெயர் வைத்திருந்தாள். அப்போதுதான் ஓடப் பழகியிருந்தான். மேயப் போகும்போது அவனை உயரமான புல்லுக்குள் படுக்கவைத்து, வாசம் போக உடம்பெல்லாம் நக்கிவிடுவாள்.

“யார் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காதே. புலி இனிக்க இனிக்கப் பேசும், நரி அழுதுகாட்டும். என் குரல் கேட்டால் மட்டும் வா.”

“உன் குரல் எனக்குத் தெரியாதாம்மா?” என்பான் குருத்தன்.

ஒருநாள் காலை ஆற்றைக் கடந்து உப்புமண் நக்கப் போனாள். மலை உச்சியில் மழை பெய்திருக்க வேண்டும். அவள் திரும்புவதற்குள் ஆறு கலங்கிப் பெருகிவிட்டது. எதிர்க்கரையில் செந்நாய்க் கூட்டம் ஒன்று மோப்பம் பிடித்தபடி குருத்தன் படுத்திருந்த புல்வெளியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“குருத்தா, தண்ணிக்கு ஓடி வந்துடு!”

வெள்ள இரைச்சலில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை. ஆற்றில் பாய்ந்து நீந்தினாள். நடு ஆற்றில் மறுபடி கூப்பிட்டாள். செந்நாய்கள் புல்லுக்குள் நுழைந்தன. சேம்பி உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினாள். கழுத்துத் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. இதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தம் மலையில் போய் மோதியது.

புள்ளிமான்கள் சிதறி ஓடின. காட்டுப்பன்றி குட்டிகளோடு புதருக்குள் மறைந்தது. குருத்தன் மட்டும் வரவில்லை.

அவள் கரையேறியபோது நசுங்கிய புல்தான் மிச்சம் இருந்தது. மரத்திலிருந்து கருமந்தி ஒன்று இறங்கி வந்தது.

“உன் சத்தத்தாலதான் நாங்க எல்லாரும் பிழைச்சோம், சேம்பி.”

“என் பிள்ளைக்குக் கேட்கலையா?”

மந்தி தலையைக் குனிந்துகொண்டது. “கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தான். ‘இது எங்கம்மா குரல் இல்லை’ன்னு சொல்லிட்டு மறுபடி படுத்துக்கிட்டான்.”

சேம்பி அந்தப் புல்லின் மேல் நின்று, பழைய மெல்லிய குரலில் அவனை ஒருமுறை கூப்பிடப் பார்த்தாள். அந்தக் குரல் வரவில்லை. மறுபடியும் அந்தப் பெரிய சத்தம்தான் வந்தது.

மிளாவின் கழுத்தடியில் ஒரு பருவத்தில் மயிர் உதிர்ந்து, ரத்தம் கசியும் புண் உண்டாவது அன்றைக்குத் தொடங்கியதுதான். ஆபத்தின் வாடை பட்டதும் மிளா இன்றும் தரையை உதைத்துக்கொண்டு கத்துகிறது. காடு முழுக்க அதைக் கேட்டு ஓடிப் பிழைத்துக்கொள்கிறது.