எட்டியப்பன் விடச் சொன்ன ஆட்டம்

இந்தக் கதையின் முடிவில் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அவசரப்படாமல் கேளுங்கள்.

வடசென்னையில் எட்டியப்பன் என்றொரு கால்பந்து வீரர் இருந்தார். தடுப்பு வரிசைக்குச் சற்று முன்னால், நடுக்களத்தில் நிற்பார். எதிரணியின் ஓட்டத்தைப் பாதியிலேயே முறிப்பதுதான் அவர் வேலை. பதினான்கு வருடத்தில் அவர் போட்ட கோல் நான்கு. கைதட்டல் எல்லாம் கோல் போட்டவர்களுக்கே போகும். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை.

அவருடைய இருபத்தாறாவது வயதில் ஓர் அரையிறுதி. மகிமைதாஸ் என்ற எதிரணி வீரர் பந்தோடு தனியாகக் கோலை நோக்கி ஓடினார். எட்டியப்பன் பின்னாலிருந்து சறுக்கிக் காலைப் போட்டார். பந்து கிடைக்காது என்பது போடும்போதே அவருக்குத் தெரியும். மகிமைதாஸின் கால் எலும்பு முறிந்தது. நடுவர் மஞ்சள் அட்டையோடு விட்டுவிட்டார். எட்டியப்பனின் அணி வென்றது. "மேட்ச்ச காப்பாத்திட்டடா" என்று கோச் அவர் முதுகில் தட்டினார்.

மகிமைதாஸ் அதன்பின் ஆடவே இல்லை. எட்டியப்பன் இரண்டு முறை மருத்துவமனை வாசல்வரை போய், உள்ளே போகத் துணிவில்லாமல் திரும்பினார். நடந்ததைப் பற்றி மனைவியிடம்கூட அவர் பேசியதில்லை.

ஆட்டத்தை விட்டபின் சின்னச் சின்ன அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து, நாற்பத்திரண்டாவது வயதில் நீலக்கொடி என்ற கிளப்புக்கு மேலாளர் ஆனார். இரண்டாம் பிரிவில் கடைசியில் கிடந்த அணியை மூன்றே வருடத்தில் இறுதிப் போட்டிக்குக் கொண்டுவந்தார். தான் ஆடிய இடத்தில் ரீகன் என்ற வீரரை நிறுத்தி, ஒவ்வொரு பயிற்சியிலும் ஒன்றையே சொன்னார்: "உன்னத் தாண்டி ஆள் போகக் கூடாது."

இறுதிப் போட்டியில் வென்றால் முதல் பிரிவு. முதல் பிரிவில் ஆடுபவர்களைத்தான் வேலைக்கு எடுப்பவர்கள் வந்து பார்ப்பார்கள். அணித்தலைவர் நவாஸுக்கு அடுத்த ஆண்டோடு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்குவதற்கான வயது முடிகிறது. இது எட்டியப்பனுக்கும் தெரியும்.

எண்பத்தெட்டாவது நிமிடம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். நீலக்கொடிக்குக் கார்னர் கிடைத்தது. நவாஸ் கையசைத்து எல்லோரையும் மேலே கூப்பிட்டார், ரீகனும் போனார். எட்டியப்பன் தடுக்கவில்லை. பந்து எதிரணிக் கோல்கீப்பரின் கையில் சிக்கியது. அவர் வீசிய வேகத்தில் அது நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரணியின் முன்கள வீரர் அதை எடுத்துக்கொண்டு ஓட, ஒரே ஒருவர் துரத்தினார். அது ரீகன். ஓரடி பின்தங்கியிருந்தார். பெனால்டி கட்டத்துக்கு வெளியே அவர் உடம்பு சரிவதை எட்டியப்பன் பார்த்தார். அந்தச் சரிவு அவருக்குத் தெரிந்த சரிவு.

"ரீகன், விடு. கால போடாத."

மைதானம் முழுக்கக் கேட்டது அந்தக் குரல். ரீகன் காலை இழுத்துக்கொண்டார். கோல் விழுந்தது. நீலக்கொடி தோற்றது.

உடை மாற்றும் அறையில் நவாஸ் கேட்டார்: "ஏன் மாஸ்டர் விடச் சொன்னீங்க?"

எட்டியப்பன் பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக மகிமைதாஸைப் பற்றிச் சொன்னார்.

"அந்தக் கால ஒடச்சது நீங்க," என்றார் நவாஸ். "அதுக்கு எங்க மேட்ச்ச எடுத்துக் கொடுத்திருக்கீங்க. எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ரீகன் தலை நிமிராமல் நவாஸிடம் சொன்னார்: "நான் போட்டிருந்தா பந்து கிடைச்சிருக்காதுண்ணே. அவன் கால்தான் கிடைச்சிருக்கும். அது தெரிஞ்சேதான் போடப் போனேன்."

மறுநாள் எட்டியப்பன் ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ராயபுரத்தில் உதிரி பாகக் கடை வைத்திருக்கும் மகிமைதாஸைத் தேடிப் போனார். இந்த முறை உள்ளே போனார். மகிமைதாஸ் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பையன் கால் தப்பிச்சுதுல்ல, அது போதும். ஆனா எனக்காக செஞ்சேன்னு சொல்லாத எட்டி. நான் உன்கிட்ட அதக் கேக்கல."

எட்டியப்பன் வெளியே வந்து வெகுநேரம் பஸ் நிறுத்தத்தில் நின்றார். கடிதம் பையிலேயே இருந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒரு மனிதர் தன் பழைய தவறை நினைத்து அணியின் வெற்றியை விட்டுக்கொடுத்தது சரியா? அல்லது நவாஸ் கேட்டதுதான் சரியா?

விடை: விடச் சொன்னது சரி. எதிராளியின் கால் நீலக்கொடிக்குச் சொந்தமானதல்ல. பதினொரு பேரும் சேர்ந்து சம்மதித்தாலும் அதைக் கொடுத்து முதல் பிரிவை வாங்க முடியாது. அதனால் "எங்களக் கேட்டீங்களா" என்ற கேள்விக்கு அந்த நொடியில் இடமில்லை. அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் இடம் இருந்தது. ஆள் தாண்டக் கூடாது என்று தினமும் சொன்னவர், எந்த இடத்தில் விட்டுவிட வேண்டும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. வெட்கப்பட்டு மறைத்தார். சொல்லியிருந்தால், தாண்டிப் போகிறவனைக் காலைப் போட்டு நிறுத்த முடியாது என்று தெரிந்து, அந்தக் கார்னருக்கு நவாஸ் ரீகனை மேலே கூப்பிடாமல் பின்னாலேயே நிறுத்தியிருப்பார். எட்டியப்பனுக்கும் இது பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் புரிந்தது. ராஜினாமாவை அவர் கொடுக்கவில்லை. அடுத்த பருவத்தின் முதல் நாள், பந்தை வெளியே எடுக்கும் முன், வீரர்களைப் புல்லில் உட்காரவைத்து அந்த அரையிறுதியை முழுவதும் சொன்னார். நவாஸ் அன்று வரவில்லை.