டயல் சரியாகத்தான் இருந்தது

திலகவதி மேடத்திடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். அந்தக் கல்லூரியின் மெக்கானிக்கல் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். கேட்டவனை எதையாவது செய்யச் சொல்வார், பக்கத்தில் நின்று பார்ப்பார், போய்விடுவார். பதில் தெரிந்துதான் இப்படிச் செய்கிறாரா, தெரியாததை மறைக்கிறாரா என்று விடுதியில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது.

தெரிந்தும் நித்திலன் போய்க் கேட்டான். அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அவன் அப்போதுதான் மூன்றாம் வருடத்தில் காலெடுத்து வைத்திருந்தான். திட்டம் போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே நான்கு வருடத்தையும் ஒரு பெரிய சார்ட் பேப்பரில் கட்டம் கட்டமாகப் பிரித்து, விடுதி அறையின் சுவரில் ஒட்டிவிட்டான். எந்த செமஸ்டரில் டிசைன் சாஃப்ட்வேர், எந்த செமஸ்டரில் ஜப்பானிய மொழி, எந்த லீவில் எந்தத் தொழிற்சாலையில் பயிற்சி, மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்கு எப்போது உட்காருவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பக்கத்து அறைப் பையன்கள் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்கள். ஒருத்தன் அதைப் படம் எடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பிவைத்து, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்தச் சார்ட்டில் ஒரே ஒரு சிவப்புக் கட்டம் மட்டும் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. அதுதான் தெர்மோடைனமிக்ஸ், பிள்ளைகள் வாயில் தெர்மோ. நித்திலன் அதில் ஒருமுறை தோற்றான். மறுமுறை எழுதி மறுபடியும் தோற்றான். ஒவ்வொரு முறையும் சிவப்புக் கட்டத்தை உரித்தெடுத்து வேறொரு இடத்தில் ஒட்டினான், அவ்வளவுதான்.

இந்த முறை அப்படி விட முடியாது. செமஸ்டர் முடிந்ததும், வளாகத்துக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளுக்காகத் துறையில் பெயர்களைச் சேர்த்துவிடுவார்கள். அரியர் உள்ளவன் பெயர் அதில் ஏறாது. நித்திலனுக்கோ எஞ்சின் வடிவமைக்கும் வேலைக்குப் போக வேண்டும், அதுவும் எஞ்சினைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிற அளவுக்கு ஆசை. தெர்மோ தெரியாதவனை எஞ்சின் பக்கம் யார் அண்ட விடுவார்கள்? இது அவனுக்கும் தெரியும்.

தெர்மோ எடுப்பவர் திலகவதி மேடமேதான். மெஷின் ஷாப்பும் அவர் பொறுப்பில் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நித்திலன் மெஷின் ஷாப்பில், இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் முன்னால் நின்றிருந்தான். மாணவர்களே சேர்ந்து ஒரு பந்தய வண்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அணிக்கு அவன்தான் தலைவன். பிரேக் பெடலைத் தாங்கும் 'பின்' என்ற சிறிய இரும்புத் தண்டை அன்றைக்குக் கடைந்து முடித்துவிட வேண்டும், மறுநாள் வண்டியை ஓட்டிப் பார்ப்பதாகத் திட்டம்.

மேடம் உள்ளே வந்து விளக்குகளைப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளு கண்ணு."

"என் ப்ளான்ல எதையும் எடுக்காம தெர்மோவை எங்க வைக்கலாம்? எல்லாக் கட்டமும் நெறஞ்சு போச்சு. நீங்களே ஒரு எடம் சொல்லுங்க."

போனில் இருந்த சார்ட்டின் படத்தை நீட்டினான். மேடம் வாங்கி, பெரிதாக்கி, மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"கலரெல்லாம் நல்லா இருக்கு."

"எடம் மேடம்?"

"இப்ப என்ன பண்ணிட்டு இருந்தே?"

"பெடலுக்கு ஒரு பின்."

"அதைப் பண்ணு. பண்ணிக்கிட்டே பேசு."

அவனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் லேத்தை ஓட விட்டான். வெட்டும் டூலை இரும்புக்குள் தள்ளும் கைப்பிடியின் அடியில், கோடுகள் போட்ட ஒரு வளையம் இருக்கும். அதுதான் டயல். எத்தனை கோடு திருப்புகிறோமோ அந்த அளவுக்கு டூல் உள்ளே போகும். கடைசி வெட்டு எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டியால் அடையாளம் வைத்திருந்தான்.

"காலையில அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் வச்சிருக்கேன் மேடம். ஆனா அந்த நேரத்துல ஜப்பானிஸ் ஆன்லைன் கிளாஸ். அதைச் சாயங்காலம் மாத்தினா வண்டி வேலை இடிக்குது. வண்டி வேலையை ராத்திரிக்குத் தள்ளினா..."

பேச்சுவாக்கில் கைப்பிடி கோட்டைத் தாண்டிவிட்டது. கொஞ்சம்தான். நித்திலன் கவனித்துவிட்டான். உடனே அந்தக் கொஞ்சத்தைப் பின்னால் திருப்பி, டயலைச் சுண்ணாம்புக் கோட்டில் கச்சிதமாகக் கொண்டுவந்து நிறுத்தினான்.

மேடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வெட்டு ஓடியது. சுருள் சுருளாக இரும்பு கழன்று விழுந்தது. மெஷினை நிறுத்தி, மைக்ரோமீட்டரை வைத்து அளந்து பார்த்த நித்திலனின் முகம் செத்துப்போனது. மறுபடியும் வைத்துப் பார்த்தான். பின்னைக் கழற்றிப் பெடலின் ஓட்டைக்குள் விட்டான். அது லொடலொடவென்று ஆடியது.

"போச்சு. சின்னதாயிடுச்சு."

"அப்படியா?"

"எப்படி மேடம்? டயல் சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு. நானும் பாத்தேன்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திருகுக்கும் அதைப் பிடித்திருக்கும் நட்டுக்கும் நடுவில் கொஞ்சம் சந்து இருக்கும். கைப்பிடியைத் திசை மாற்றித் திருப்பினால், முதல் கொஞ்சம் அந்தச் சந்துக்குள்ளேயே சும்மா சுற்றும். டயல் நகரும், டூல் நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் வருடம் லேத்தைத் தொட்ட அன்றே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். செய்முறைத் தேர்வில் இதே கேள்விக்குப் பதில் சொல்லி அவன் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான்.

"மேடம், நான் திருப்பினதை நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"தப்பாத் திருப்பறேன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் மேடம் சொல்லல?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "நாளைக்கு வண்டி ஓட்டணும்."

"கேட்டியா? நீ தெர்மோவுக்கு எடம்தானே கேட்டே."

நித்திலன் கெட்டுப்போன பின்னைத் தகர டப்பாவில் போட்டான். அது விழுந்த சத்தம் தன்னைக் கேலி செய்வதுபோல இருந்தது.

"இன்னொரு துண்டு வெட்டிட்டு வா," என்றார் மேடம்.

வெட்டி வந்து, முதலிலிருந்து கடைந்தான். கடைசி வெட்டு வந்தது. இந்த முறை அவன் வாயே திறக்கவில்லை, இருந்தும் பதற்றத்தில் கைப்பிடி மறுபடியும் ஒரு இழை தாண்டியது. அவன் கை அப்படியே நின்றது.

"இப்ப என்ன பண்ணுவே?"

"ஒரு முழுச் சுத்து பின்னால போகணும். அங்கிருந்து மெதுவா முன்னால வந்து கோட்டுல நிறுத்தணும்."

"கோட்டுக்கும் உனக்கும் நடுவுல இருக்கறது ரெண்டு கோடு. அதுக்கு எதுக்கு ஒரு முழுச் சுத்து?"

"சந்து அடைபடணும் மேடம். அப்பத்தான் கையும் டூலும் ஒண்ணா நகரும்."

"தெரிஞ்சுதானே இருக்கு. பண்ணு."

பண்ணினான். பின் சரியான அளவில் வந்தது. பெடலுக்குள் விட்டபோது ஆடாமல், இறுகாமல் போய் உட்கார்ந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

மேடம் கிளம்பும்போது அவன் போனை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

"இந்தச் செவப்புக் கட்டம் போன செமஸ்டர்ல எங்க இருந்துச்சு?"

"ராத்திரி பத்து மணிக்கு மேல வச்சிருந்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

"பரவால்ல. நல்லா நகருது," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

விடுதிக்கு வந்த நித்திலன் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். சிவப்புக் கட்டத்தைச் சுற்றி, முன்பு ஒட்டிப் பிய்த்த தடங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அந்தக் கட்டத்துக்குள் தான் உண்மையில் என்ன செய்தோம் என்று யோசித்தான். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது கடைசி இரண்டு யூனிட்டின் பெரிய கேள்விகளை மனப்பாடம் செய்தான். இரண்டு முறையும் அதேதான். முதல் யூனிட்டை அவன் திறந்ததே இல்லை. அது வகுப்பில் நடந்த நாட்களில் வண்டி அணிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பெடல் வரைந்துகொண்டிருந்தான்.

இதெல்லாம் யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வெட்கமாக இருந்தது. மேடத்தின் மேல் கோபமும் வந்தது. கடைசியில் சார்ட்டைச் சுவரிலிருந்து உரித்து நாலாகக் கிழித்துப் போட்டான்.

இரண்டாம் வருடத்தாருக்குத் தெர்மோ வகுப்பு சாயங்காலத்தின் கடைசிப் பீரியட். நித்திலனின் வகுப்புக்கு அது புராஜெக்ட் நேரம், அவன் எப்போதும் வண்டி ஷெட்டில் இருக்கும் நேரம். திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போய், அணியில் இருந்த பெனிட்டாவிடம் சாவியைக் கொடுத்தான்.

"இனிமே நீ பாத்துக்க. சனிக்கிழமை மட்டும் வரேன்."

"லூசாடா நீ? பந்தயம் வரப் போற நேரத்துல போறேங்கறே?"

"தெர்மோ."

பெனிட்டா சாவியை வாங்கிக்கொண்டாள். "பெடல் உன்னோடது. அதை யாரும் தொட மாட்டாங்க," என்றாள். அவன் வெளியே வந்து கொஞ்ச தூரம் போனதும் பின்னால் எஞ்சின் உறுமியது. திரும்பிப் பார்த்தால் அங்கேயே போய்விடுவோம் என்று பயந்து வேகமாக நடந்தான்.

இரண்டாம் வருட வகுப்பில் முதல் பெஞ்ச்தான் காலியாக இருந்தது. உட்கார்ந்தான். பின்னாலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, கிளாஸ் மாறி வந்துட்டீங்களா?"

"இல்லடா."

"எங்களுக்கு ஏதாவது சொல்ல வந்தீங்களா?"

"கேக்க வந்தேன்."

பெஞ்ச் பெஞ்சாகச் சிரிப்பு போயிற்று. நித்திலனுக்குக் காது சுட்டது. மேடம் உள்ளே வந்தார், அவனைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பலகையில் முதல் யூனிட்டின் தலைப்பை எழுதினார்.

அன்றைக்கு நடந்தது அவன் இரண்டு தேர்விலும் மனப்பாடமாக எழுதிய ஒரு வரி. எதைக் கணக்கிடப் போகிறோமோ அதைச் சுற்றி முதலில் ஓர் எல்லை போட வேண்டும், அதற்குள் வருவது என்ன, போவது என்ன என்று பிறகு பார்க்க வேண்டும். எல்லையை எங்கே போடுவது என்று யார் முடிவு செய்வார்கள் என்பது அவனுக்கு விளங்கவில்லை. கையைத் தூக்கினான். தெர்மோ வகுப்பில் அவன் கேட்ட முதல் கேள்வி அது. பின்னால் மறுபடியும் சிரித்தார்கள். சில நாட்கள் கழித்துச் சிரிப்பது நின்றது. அதற்குப் பிறகு இரண்டு பையன்கள் அவனிடமே வந்து கணக்குக் கேட்டார்கள், பாதியை அவன் தப்பாகச் சொல்லிக்கொடுத்தான், மூவரும் சேர்ந்து மேடத்திடம் போய் நின்றார்கள்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது மேடம் கேட்டார்.

"சார்ட் எப்படி இருக்கு?"

"கிழிச்சுட்டேன் மேடம்."

"ஏன்?"

"அதைப் பாத்துப் பாத்துத்தான் ஏமாந்தேன். இனிமே ப்ளானே வேண்டாம்னு விட்டுட்டேன்."

இந்தப் பதில் அவருக்குப் பிடிக்கும் என்று அவன் நினைத்திருந்தான். மேடம் மெஷின் ஷாப் பக்கம் நடந்தார். வேலை வரப்போகிறது என்று தெரிந்து அவனும் பின்னால் போனான்.

"இன்னொரு பின் செய்."

ஷாப்பில் துண்டு வெட்டி லேத்தில் பொருத்தினான். சுவிட்சைத் தொடப் போகும்போது மேடம் கை நீட்டி, உள்ளங்கையால் டயலை மூடிக்கொண்டார்.

"ம், ஓட்டு."

"மேடம், கோடு தெரியலையே."

"நீதானே ப்ளானே வேண்டாம்னே."

"எவ்வளவு உள்ள போகுதுன்னு தெரியாம எப்படி மேடம் வெட்டறது?"

மேடம் கையை எடுக்கவில்லை.

"தெர்மோவுல இப்ப எங்க இருக்கே?"

நித்திலன் யோசித்தான். இதே கேள்வியை இதற்கு முன் யாராவது கேட்டிருந்தால், ஏதாவது ஒரு கட்டத்தைக் காட்டியிருப்பான்.

"ரெண்டாவது யூனிட் மேடம். பாதி. அதுலயும் என்ட்ரோபி இன்னும் புடிபடல."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

மேடம் டயலிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார்.

"அப்ப இனிமே டயல் பொய் சொல்லாது. ஸ்டோர் அஞ்சரைக்குப் பூட்டிருவாங்க. ஓடிப் போய் ஒரு சார்ட் பேப்பர் வாங்கிட்டு வா."