பிடித்திருப்பவர் ஒருவர்

செம்பாறை அணையின் கட்டுப்பாட்டு அறையில் கணினியைப் பார்த்துக்கொள்பவள் மெய்யம்மை. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தான் பொன்னுரங்கம். குருவைவிட இருபது வயது மூத்த சீடன். முன்பு மதகு மோட்டார் ஓட்டியவன்.

அன்று மூன்றாம் நாள் மழை. திரையில் நீர்மட்டம் முப்பத்தொரு அடி. விடியும்போதும் முப்பத்தொன்று, பகல் பதினொரு மணிக்கும் முப்பத்தொன்று. வெளியே தண்ணீரின் இரைச்சல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. சுவரில் எழுதிய அடிக்குறிகள் மழையில் தெரியவில்லை.

"எண் செத்துக் கிடக்கு அண்ணே. அளவுகருவி நல்லாத்தான் இருக்கு. அதைக் கணினியோட பேசவைக்கிற டிரைவர் புரோகிராம் உறைஞ்சு போச்சு. கழற்றித் திரும்ப மாட்டுங்க" என்றாள் மெய்யம்மை.

"மெஷினை நிறுத்திட்டுச் செய்யலாமா?"

"மதகெல்லாம் அதுலதான் இயங்குது. ஓடுறபோதேதான்."

அணைக்குக் கீழே கரையோரத் தெருவில் பொன்னுரங்கத்தின் மகள் இருந்தாள். பிள்ளை பெற்று இருபது நாள். சைரன் கேட்டால்தான் அந்தத் தெரு மேட்டுக்கு ஏறும். கணினியில் எண் முப்பத்து மூன்றைத் தொட்டால்தான் சைரன் கத்தும்.

"கழற்றினா எண் போயிடுமே அம்மா?"

"இப்ப இருக்கிறது தண்ணியோட எண்ணா?"

"பொய்தான். ஆனாலும் ஒண்ணு இருக்கே."

அவன் கட்டளையைத் தட்டினான். கழற்ற இயலாது என்றது திரை. பயன்பாட்டில் உள்ளது, பிடித்திருப்பவர் மூவர்.

டிரைவரைப் பிடித்திருந்த புரோகிராம்களில் முதலில் பதிவேட்டு நிரலை நிறுத்தினான். சைரன் நிரலையும் நிறுத்தினான். மறுபடி தட்டினான். பிடித்திருப்பவர் ஒருவர்.

"யாருன்னே தெரியலை. வம்படியா பிடுங்கிடட்டுமா?"

"பிடிச்ச கையோட பிடுங்கினா மொத்தமும் விழுந்துடும். மதகு பாதியில நிக்கும். ஆளைத் தேடுங்க."

தேடினான்.

"எவனோ திருட்டுப்பய உள்ள பூந்துட்டான் அம்மா!"

"ஆமா. விடிஞ்சதிலேர்ந்து உக்காந்திருக்கான்."

சொல்லிவிட்டுத் திரையின் மூலையைக் காட்டினாள். அங்கே கட்டைவிரல் அகலத்தில் ஒரு சன்னல் திறந்திருந்தது. அதில் முப்பத்தொன்று. எண்ணை விடாமல் பார்க்க அவனே விடியலில் திறந்துவைத்தது. எந்த வேலை செய்தாலும் அவன் கண் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

"இது... பயத்துல நான் திறந்தது."

"ம்."

"மூடிட்டா ஒண்ணுமே தெரியாதே."

"ம்."

கண்ணை இறுக்கிக்கொண்டு சன்னலை மூடினான்.

டிரைவர் கழன்றது. எண் இருந்த இடத்தில் வெறும் கோடு. உடனே திரும்ப மாட்டினான். நிறுத்திய நிரல்களை ஒவ்வொன்றாக எழுப்பினான்.

முப்பத்து நாலரை.

அவன் அதைப் படித்து முடிப்பதற்குள் கூரைமேல் சைரன் அலறியது.

முப்பத்து மூன்றை எப்போது தாண்டியதோ. பொன்னுரங்கத்தின் கை தானாக அந்தச் சன்னலைத் திறக்கப் போனது.

"ஏறுதா இறங்குதான்னு... ஒரே ஒரு தடவை பார்த்துக்கட்டுமா அம்மா?"

மெய்யம்மை அவன் கையை மவுசிலிருந்து எடுத்து, அதில் தன் வண்டிச் சாவியை வைத்தாள்.

"அதைச் சைரன் பார்த்துக்கும். கை இப்பத்தான் காலியாச்சு. போய்ப் பேத்தியைத் தூக்குங்க அண்ணே."