வெறும் தண்ணீர்

அருமைநாதன் சார் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஐம்பத்தொரு வயதில் பகுதிநேர ஆராய்ச்சி மாணவரும்கூட. வழிகாட்டி செங்கமலம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். வெயில் பட்டதும் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும் ஒரு பொடியைச் செய்ய வேண்டும். அதுதான் ஆராய்ச்சி. ஐந்து வருடம் ஓடிவிட்டது. இந்த மாதத்துக்குள் ஒன்றும் காட்டாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும்.

அன்று காலை, பல்கலைக்கழக மொட்டைமாடி வெயிலில், அவருடைய மஞ்சள் பொடி கிடந்த கண்ணாடிக் குழாயில் குமிழி விட்டது. சரம் சரமாக வந்தது. சார் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். போகிற போக்கிலேயே மனைவிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

“மேடம், குமிழி வந்துருச்சு! ஹைட்ரஜன்தானே?”

செங்கமலம் இன்னொரு குழாயில், பொடி போடாமல், அதே தண்ணீரை நிரப்பினார். மாடிக்குப் போய் அவருடைய குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது எதுக்கு மேடம்? வெறும் தண்ணி!”

“கொஞ்சம் இருங்க சார்.”

கால் மணி நேரத்தில் வெறும் தண்ணீரும் குமிழி விட்டது.

சாருக்கு முகம் தொங்கிப்போனது. தண்ணீரில் காற்று கரைந்திருக்கும், சூடேறினால் வெளியே வரும். இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு வாய் வலிக்க நடத்திய பாடம். வெட்கமாக இருந்தது.

“அப்போ என்னோடதும் காத்துதானா மேடம்?”

“எனக்கும் தெரியலையே சார். தண்ணியைக் கொதிக்க வைங்க. உள்ள இருக்கிற காத்து போகட்டும். அப்புறம் உங்க பொடியையே கேப்போம்.”

சார் கொதிக்கவைத்தார். காற்றுப் புகாமல் மூடியே ஆறவைத்தார். மறுநாள் இரண்டு குழாய்களும் வெயிலில் நின்றன. வெறும் தண்ணீர் வாயே திறக்கவில்லை. பொடி போட்டதும் அப்படியேதான் இருந்தது. பத்து நிமிடம் போனது.

பிறகு ஒரு குமிழி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பொடி போட்ட குழாயில் மட்டும்.

வாயுவை எடுத்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று அளக்கும் கருவியில் செலுத்தினார்கள். ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு. தண்ணீர் பிரிந்தால் வர வேண்டிய அதே கணக்கு.

சார் ஆய்வுக்கூடத்துக்கு நடுவில் குதித்தே விட்டார். செங்கமலமும் சிரித்துக்கொண்டே கைதட்டினார். அந்தச் சந்தோஷத்தில் மேசையை எல்லாம் சாரே துடைத்தார், ஒழுங்குபடுத்தினார். கடைசியில் வெறும் தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தார்.

“மேடம், இதுதான் ஒண்ணுமே பண்ணலையே. கொட்டிரலாமா?”

“ஐயோ, வேண்டாம் சார். குமிழி வந்துச்சுன்னு நீங்க சொல்வீங்க, நானும் சொல்வேன். அது உங்க பொடியாலதான் வந்துச்சுன்னு சொல்ல, இது ஒண்ணுதான் இருக்கு.”