படகின் அடியில் இருந்த கட்டி

"எனக்குக் காவி குடுங்க, அம்மை," என்றான் சேர்மக்கனி.

கடலோரத்து மடம் அது. குரு பேச்சியம்மை; எல்லாருக்கும் அம்மை. கேட்டவனுக்குத் தலை பாதி நரைத்தாச்சு. வீட்டை விட்டு வந்து வருஷம் பல ஆச்சு.

"என்ன அவசரம்?"

"அவசரம் இல்ல. மனசு சுத்தமாயிட்டு. கோபம் போயிட்டு, ஆசை போயிட்டு. யாரு வைதாலும் மேல ஒட்டுறதில்ல. நீங்களே உரசிப் பாருங்க."

அம்மை அவனை உரசிப் பார்க்கவில்லை. மணலில் ஏற்றி வைத்திருந்த படகைக் கைகாட்டினாள். மடத்துக்கு அரிசியும் விறகும் சுமக்கிற இரும்புப் படகு.

"அத உரசு. துரு இருந்தா வந்து சொல்லு."

கனி படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். பாசியைச் சுரண்டினான். ஒட்டியிருந்த சிப்பியைக் கொத்தினான். கண்ணில் மண் விழுந்தது. வையவில்லை. வையாததையும் மனசுக்குள் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

பொழுது சாய வந்து நின்றான்.

"துரு இருக்கா?"

"பொட்டுக்கூட இல்ல. இத்தனை காலம் உப்புத்தண்ணியில கிடந்தும் இரும்பு இரும்பாவே இருக்கு." நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "என்னயத்தான் சொல்லாம சொல்லுதியளோ?"

"வேற ஒன்னும் பாக்கலியா?"

"அடியில ஒரு கட்டி இருந்துச்சு. போல்ட்டு போட்டு முடுக்கியிருந்துச்சு. கரையான் அரிச்ச மாதிரி பொத்துப் பொத்தா, பாதிதான் மிச்சம். நல்ல படகுல இந்தச் சனியன் எதுக்குன்னு கழட்டி எறிஞ்சிட்டேன்."

அம்மை எழுந்தாள். மணலில் தேடி அந்தக் கட்டியை எடுத்தாள். தன் முந்தானையால் துடைத்தாள்.

"இது துத்தநாகம்."

"இருக்கட்டுமே. கெட்டுப்போச்சுல்லா?"

"உப்புத்தண்ணி எதையாவது தின்னாம விடாது, கனி. ரெண்டையும் சேத்து முடுக்கி வச்சா, இரும்ப விட்டுட்டு இதத் தின்னும். இது இருக்குத வரைக்கும் அதுக்குத் துரு இல்ல."

கனி தலையைச் சொறிந்தான். "தெரியாமப் போச்சு. புதுசு ஒன்னு மாட்டிருதேன்."

"மாட்டாம தண்ணியில இறக்காத." அம்மை உட்கார்ந்தாள். "உங்க அம்மா எப்படி இருக்கா?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

"படுக்கையிலதான். புத்தி பெரண்டு போச்சு. விடிய விடியக் கத்துதா."

"யாரு பாக்குதா?"

"அக்கா. பரிபூரணம்."

"அவளுக்குப் புருஷன், பிள்ள?"

"இல்ல. வந்த மாப்பிள்ளையெல்லாம் வேண்டாம்னுட்டா. அம்மாவ யாருகிட்ட விடுததுன்னு..."

"நீ போய்ப் பாத்தியா?"

"போன ஆடியில போனேன். இருக்க முடியல, அம்மை. முன்னெல்லாம் அக்கா பாட்டும் சிரிப்புமா இருப்பா. இப்ப வாயத் தொறந்தா வசவு. எனக்கு வச்ச சோத்துத் தட்டையே தூக்கி எறிஞ்சிட்டா. அந்த வீட்டுல ஒரு நாள் கிடந்தா என் அமைதி கெட்டுரும்னுதான்..."

அவன் கண் அம்மை கையிலிருந்த கட்டியில் போய் நின்றது.

அலை வந்தது, போனது.

அம்மை உள்ளே போய், மடித்த காவித் துணியோடு வந்தாள். அவன் முன்னால் நீட்டினாள்.

"இந்தா. கேட்டியே."

கனி அதைத் தொடவில்லை. வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு போயிருக்குமா, அம்மை?"